கஃப்ர் நோஃபலின் நாலாவது சாவு

கஃப்ர் நோஃபல் கிராமத்து ஜனங்கள் செய்த குற்றம் பெரியது. அவர்கள் ஊர் முன்னால் போகும் நெடுஞ்சாலையில் எட்டு மாதமாக ஒருவர்கூடச் சாகவில்லை.

அதற்கு முன்பு ஒழுங்காகத்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் கெய்ரோவுக்கும் கடற்கரைக்குமாக லாரிகள் பறக்கும். முதலில் தலையில் ரொட்டித் தட்டோடு கடந்த ஒரு பெண். அடுத்து ரொட்டி அடுப்புக்காரரின் மகன். மூன்றாவது, மைக்ரோபஸ் ஓட்டுகிற மெத்வல்லியின் மைத்துனி ரஸ்மிய்யாவின் மகள் நவாரா. நவாராவை மூட ஒரு போர்வை போதவில்லை. அவள் ஒரே இடத்தில் கிடக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஊர் மொத்தமும் சாலையில் இறங்கியது. டயரைக் கொளுத்தி வண்டிகளை மறித்து, உடைந்த செங்கல்லையும் தாரையும் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு வேகத்தடையைக் கட்டிவிட்டது. அந்த நாட்டில் வேகத்தடை அப்படித்தான் பிறக்கும். யாராவது செத்தால் ஊர் கட்டும். சாலையில் போகிறவனும் மேட்டில் ஏறி இறங்கும்போது செத்தவருக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு, கட்டியவனுக்கு ஒரு வசவும் போட்டுவிட்டுப் போவான்.

மெத்வல்லியின் மைக்ரோபஸ்ஸில் பதினாலு பேர் ஏறலாம் என்று செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். மெத்வல்லிக்கு அதில் கருத்து வேறுபாடு உண்டு, இருபது பேரை ஏற்றுவான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வண்டி வாங்கிய அன்று ஆடு அறுத்து, ரத்தத்தில் கையை நனைத்துக் கதவில் பதித்த ஐந்து விரல் இன்னும் பழுப்பாகத் தெரியும். விபத்து வராததற்கு அந்தக் கைதான் காரணம் என்று பயணிகள் சொல்வார்கள். பிரேக்கை விட்டு நகராத தன் காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாததில் அவனுக்கு வருத்தம்.

ஒரு நாள் காலை புல்டோசர் வந்தது. பின்னாலேயே சாலை நல்வழி ஆணையத்தின் ஜீப்புகள் வந்தன. ஜனங்கள் அதைப் புத்திமதி ஆபீஸ் என்பார்கள், வேறு எதையும் அது கொடுத்ததில்லை. சாலைப் பாதுகாப்பு வாரம் வருகிறதாம். தலைநகரிலிருந்து ஜெனரல் வருகிறாராம். ஜெனரலுக்கு முதுகுவலியாம். அதனால் மேடு ஆகாது.

மெத்வல்லியின் மனைவி இன்ஸாஃப் போய் மேட்டின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிம்மா. அனுமதி இல்லாத மேட்டுல உக்காந்திருக்கே" என்றான் தலைமைக் காவலன்.

"அனுமதியோட சாகுற இடம் எங்கே இருக்குன்னு காட்டு. அங்க போய் உக்காந்துக்கிறேன்."

அவன் காட்டவில்லை. தடியை எடுத்தான். பெண்களின் தலைத்துணியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். குறுக்கே ஓடின மெத்வல்லியின் மண்டையில் விழுந்த தடியில் 'உங்கள் உயிர் விலைமதிப்பற்றது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிரசார வாரம் என்பதால் எதையும் விட்டுவைக்காமல் ஒட்டியிருந்தார்கள். முதல் அடியில் அவனால் பாதிதான் படிக்க முடிந்தது. இரண்டாவது அடியில் மீதியையும் படித்தான். ரொட்டி அடுப்புக்காரருக்கு இரண்டு பல் போயிற்று. மதியத்துக்குள் சாலை மட்டமாகிவிட்டது.

மறுநாள் மெத்வல்லி தலையில் கட்டோடு ஆணையத்துக்குப் போனான். அங்கே பிரிகேடியர் வஜ்தி இருந்தார். சந்தன மணம் வீசும் மனிதர். யாரைக் கண்டாலும் அறிவுரை சொல்லாமல் விடமாட்டார். அந்த ஊர் வழக்கத்தில் ஓட்டுநர் என்றால் உஸ்தா, அதிகாரி என்றால் பாஷா.

"உக்காரு உஸ்தா. தலையில என்ன?"

"உங்க ஆளுங்க, பாஷா."

"சீட் பெல்ட் போட்டிருந்தியா?"

"நின்னுக்கிட்டிருந்தேன் பாஷா."

"பாத்தியா? நிக்கிறப்போதான் ஜனங்க ரொம்ப அஜாக்கிரதை." அவர் அதைக் குறித்துக்கொண்டார். "சொல்லு, என்ன வேணும்?"

"அந்த மேடு திரும்ப வேணும். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும். என் பொண்ணு ஹனாதி தினம் ரெண்டு தடவை அந்த ரோட்டைக் கடக்குறா."

"எட்டு மாசமா அங்க ஒரு சாவு இல்லையேப்பா. சாவே இல்லாத இடத்துல மேடு எதுக்கு?"

"மேடு இருந்ததாலதானே பாஷா சாவு இல்ல?"

"அது உன் அபிப்பிராயம். சாவு இல்லேங்கிறது புள்ளிவிவரம்." பிரிகேடியர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதோ பாரு, உனக்காகச் சொல்றேன். விதி ரொம்பச் சுலபம். ஒரே இடத்துல, ஸ்தலத்துலேயே, நாலு பேரு செத்தா மேடு உண்டு. நானே கையெழுத்துப் போடுவேன். உங்க ஊருக்கு மூணு இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு தூரம் வந்துட்டு மனசைத் தளர விடாதே."

பரீட்சையில் ஒரு மார்க்கில் தவறிய பையனைத் தேற்றுகிற மாதிரி அவன் தோளில் தட்டினார். பிறகு பேச்சுவாக்கில், அவன் இதுவரை ஒரு விபத்துகூடச் செய்ததில்லை என்று தெரிந்ததும் பிரிகேடியர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணுகூடவா? இந்த ரோட்டுலயா? யாராவது உன்மேல சந்தேகப்பட்டு விசாரிச்சாங்களா?"

"இல்ல பாஷா."

"அப்போ நீதான் எங்க முன்மாதிரி ஓட்டுநர்! பாதுகாப்பு வாரத் திறப்பு விழாவுல ஜெனரல் முன்னாடி நீ பத்து அறிவுரை வாசிக்கிறே."

"வாசிச்சிட்டு, மேட்டைப் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"தாராளமா. அறிவுரைக்கு அப்புறம் ஜனங்க கேக்குறதை ஜெனரல் பெரிசா எடுத்துக்க மாட்டார்."

மெத்வல்லிக்குக் கடைசியில் சொன்னது புரியவில்லை. தாராளமா என்றது மட்டும் காதில் நின்றது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். இன்ஸாஃப் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னும் ஒண்ணா? யாரு பெத்த ஒண்ணு?"

"அது விதி."

"அவன் பெத்ததைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லு. விதி நிறைஞ்சு போகும்."

இந்தச் செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதன் பிறகு காலையில் பிள்ளைகளைச் சாலையோரம் கொண்டு வந்து விடும் பெண்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார்கள். ரஸ்மிய்யா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவள் பங்கைக் கொடுத்தாயிற்று.

இதற்கிடையில் புத்திமதி ஆபீஸ் சும்மா இருக்கவில்லை. மேடு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிரம்மாண்டப் பலகையை நட்டது. அதில் பொடி எழுத்தில் நாற்பது அறிவுரைகள். அடியில், 'முழுவதும் படித்த பின்னரே மேலே செல்லவும்.' நட்ட அன்றே ஒரு தக்காளி லாரிக்காரன், பாவம் நேர்மையான ஆள், பதினோராவது அறிவுரைக்காக நடுச்சாலையில் வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்த பஸ்காரன் இருபதாவதில் இருந்தான். முன்னால் லாரி நிற்பதைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் செத்தார்கள். சாலையில் தக்காளி எது, மனுஷன் எது என்று பிரிக்க முடியாமல் தண்ணீர் வண்டியை வரவழைத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள்.

மெத்வல்லி மூச்சிரைக்க ஆணையத்துக்கு ஓடினான். ஓடும்போதே, சாவுச் செய்தியை நல்ல செய்தி மாதிரி தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே என்று அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"ரெண்டு பேர் பாஷா! ஒண்ணு கேட்டீங்க, ரெண்டு ஆயிடுச்சு."

பிரிகேடியர் நிதானமாக நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் வந்து அளந்தார். "பலகை இருக்கிறது வேற இடம் உஸ்தா. அந்த இடத்துக்கு இப்போதான் ரெண்டு. உங்க மூணு அப்படியேதான் இருக்கு."

அடுத்து ஒரு மேடை கட்டி, அதன்மேல் நசுங்கிய கார் ஒன்றை ஏற்றினார்கள். உள்ளே சிவப்புச் சாயம் பூசிய துணிக்கடைப் பொம்மை. பார்த்துப் பயந்து மெதுவாகப் போகவேண்டும் என்பது யோசனை. மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் பொம்மை ஆணா பெண்ணா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போய் மேடையில் மோதினான். முகமே இல்லாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான்.

"ஆஸ்பத்திரியில செத்தா சுகாதார இலாகா கணக்கு" என்றார் பிரிகேடியர். "அவங்க சாவை நாம திருடக் கூடாது, இல்லையா?" ஆனால் மோட்டார்சைக்கிள் நன்றாக நசுங்கியிருந்ததால் அதையும் மேடையில் காருக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்து நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒலிபெருக்கி வந்தது. கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த அது, நினைத்த நேரத்தில் தானாகவே கத்தும்: "நில்! யோசி! உன் வீட்டார் உனக்காகக் காத்திருக்கிறார்கள்!" ஒரு நாள் ஹனாதி பாதிச் சாலை கடந்திருந்தபோது அது "நில்!" என்றது. பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. நின்றுவிட்டாள்.

பிக்கப் வண்டி ஒன்று அவள் பையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பையோடு சேர்த்துக் கையையும் முறுக்கி எறிந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. மெத்வல்லி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "நான் நின்னேன்ப்பா, அது சொல்லிச்சு, நான் நின்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அவளுக்குப் பயம்.

பிரிகேடியர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஒரு பெட்டி இனிப்பு கொடுத்தார். "காயம் கணக்குல வராது உஸ்தா. அரை உயிர்னு ஒரு எண் கிடையாது" என்றார். மெத்வல்லிக்கு அந்த மனிதரின் கழுத்தைத் திருகிப்போட வேண்டும்போல் இருந்தது. கையும் எழுந்தது. பிரிகேடியரின் இடுப்பில் துப்பாக்கியைக் கண்டதும் அந்தக் கை போய் இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டது. அன்று ராத்திரி அந்தக் கையை நினைத்து அவன் அழுதான்.

"வாசிச்சுடு" என்றாள் இன்ஸாஃப். "பத்தையும் வாசிச்சுடு. அப்புறம் ஜெனரல் முகத்தைப் பாத்துக் கேளு. கேக்காம வந்தே, வீட்டுக்குள்ள விடமாட்டேன் ஹனாதி அப்பா."

விழா நாள் வந்தது. மேடு இருந்த இடத்தை ஒட்டிச் சாலையோரத்தில்தான் பந்தல். புத்தம் புதிய ரோந்துக் கார்கள் வரிசையாக நின்றன. கசாப்புக்காரர் மிஸெல்ஹி ஒரு கறுப்புக் காளைக் கன்றோடு தயாராக இருந்தார். கன்றை அறுத்து, அந்த ரத்தத்தில் ஜெனரல் கையை நனைத்து, புதுக் கார்கள்மேல் பதிக்கவேண்டும் என்று ஏற்பாடு.

"பாஷா, அறிவுரையெல்லாம் இருக்கே, கன்னு வேற எதுக்கு?" என்று மிஸெல்ஹி கேட்டார்.

"அறிவுரை ஜனங்களுக்கு" என்றார் பிரிகேடியர் வஜ்தி. "இது அரசாங்க வண்டி. இதுக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எதிர்ப்பக்கத்தில் சாலையின் விளிம்பிலேயே வரிசையாக நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். ஹனாதி மாவுக்கட்டுக் கையில் கொடியைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். மெத்வல்லிக்கு முன்மாதிரி ஓட்டுநர் சால்வையும் அவன் மைக்ரோபஸ்ஸுக்கு மாலையும் போட்டு, பந்தலுக்குப் பக்கத்தில் இஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஜெனரல் கொடியசைத்ததும் அவன் ஆமை வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கேட்கவேண்டிய ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெனரல் தாமதம். வெயில் ஏறியது. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், அவர்களை நிழலுக்கு எடுத்துப்போய் வரிசையை நெருக்கி நிறுத்தினார்கள். கடைசியில் தூரத்தில் சைரன் கேட்டது. தடுக்க ஒரு மேடும் இல்லாத சாலை, வண்டிகள் குண்டு மாதிரி வந்தன.

"அறு! ஜெனரல் இறங்கும்போது ரத்தம் ஓடிக்கிட்டிருக்கணும்!" என்று பிரிகேடியர் கத்தினார்.

மிஸெல்ஹி கன்றின் கழுத்தில் கத்தியை வைத்தார். பாதி இறங்கியிருக்கும், உச்சியிலிருந்த ஒலிபெருக்கி அலறியது: "நில்! யோசி!" மிஸெல்ஹி நின்றுவிட்டார். கன்று நிற்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு, பாதிக் கழுத்தோடு, ரத்தத்தைப் பந்தல் முழுக்கப் பீய்ச்சிக்கொண்டு, முன்வரிசை நாற்காலிகளையும் ஒரு துணை ஆட்சியரையும் மிதித்துத் தள்ளிவிட்டு நெடுஞ்சாலைக்குள் பாய்ந்தது.

மெத்வல்லி இரண்டையும் பார்த்தான். கன்று ஓடுவதையும், முதல் கார் வருவதையும். அந்தக் கார் கன்றை அடித்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று இத்தனை வருஷம் அந்தச் சாலையில் ஓட்டியவனுக்குத் தெரியாதா? மனப்பாடம் செய்த வாக்கியம் மறந்துபோயிற்று. அவன் கால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரேக்கை விட்டது. மாலையும் தோரணமுமாக மைக்ரோபஸ் எகிறிப் போய், பிள்ளைகளுக்கு முன்னால் சாலையின் குறுக்கே, பழைய மேடு இருந்த அதே இடத்தில் நின்றது.

முதல் கார் கன்றை அடித்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பாகி, ஓட்டுகிறவனுக்குக் கண் தெரியாமல், கார் பிள்ளைகள் பக்கம் திரும்பி வந்து மைக்ரோபஸ்ஸின் வயிற்றில் புகுந்தது. இரண்டாவது கார் முதல் காரின்மேல் ஏறியது. மூன்றாவது காரில் இருந்த ஜெனரல், காட்சி மேடையை இடித்துச் சாய்த்து, துணிக்கடைப் பொம்மையை மடியில் வாங்கிக்கொண்டு சாலையோர வாய்க்காலுக்குள் போனார்.

தகரம் கிழியும் சத்தம் அடங்கியதும் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. இன்ஸாஃப் அந்தச் சத்தத்துக்குள் புகுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஹனாதியின் கொடி மட்டும் ரத்தத்தில் நனைந்திருந்தது. அது கன்றின் ரத்தம். மெத்வல்லியின் தொடை எலும்பும் நாலைந்து விலாவும் முறிந்திருந்தன. அவனை வெளியே இழுத்தபோது, "கேக்கலையே, நான் கேக்கவேயில்லையே" என்று முனகினான்.

"நீ கேட்டது போதும், பேசாம இரு" என்றாள் இன்ஸாஃப், அவன் முகத்தைத் தன் தலைத்துணியால் துடைத்துக்கொண்டே.

ஜெனரலை வாய்க்காலிலிருந்து தூக்கினார்கள். முன்பற்கள் போயிருந்தன. இருந்தாலும் எழுதிக்கொடுத்த உரையை வாசிக்காமல் போவது மரபில்லை. ஒலிவாங்கி முன்னால் நின்று, சேறும் ரத்தமும் துப்பித் துப்பி வாசித்தார்: "அன்பான ஓட்டுநர்களே, வேகம் கொல்லும். நாங்கள் உங்களை நேசிக்கிறோம். நாங்கள் வரும்போது வழிவிடுங்கள்." துணை ஆட்சியர் தரையில் கிடந்தபடியே கைதட்டினார்.

கெய்ரோவிலிருந்து உடனே தொலைபேசி வந்தது. ஸ்தலத்தில் சாவு எத்தனை? பிரிகேடியர் தலைமைக் காவலனைக் கேட்டார். அவன் வேலையில் சுத்தமானவன்.

"ஒண்ணு பாஷா. ஆண். வயசு ரெண்டு இருக்கும்."

பிரிகேடியர் அப்படியே மேலே சொன்னார். அது கன்று என்று அவருக்குத் தெரியவந்தபோது அமைச்சர் வானொலியில் இரங்கல் தெரிவித்து முடித்திருந்தார். மேலே போன சாவைக் கீழே இறக்க அந்த இலாகாவில் வழி கிடையாது. கஃப்ர் நோஃபலுக்கு நாலு ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மெத்வல்லியைப் பார்க்க வந்த பிரிகேடியர் கண் கலங்கினார். "இத்தனை வருஷமா ஒரு விபத்து இல்ல. ஜெனரல் வர்ற அன்னிக்குப் பாத்தா பண்ணுவே? சைகை காட்டாமத் திரும்பினது, அரசாங்க ஊர்வலத்தை மறிச்சது. லைசென்ஸைக் கொடு உஸ்தா." கொடுத்தான். முன்மாதிரி ஓட்டுநர் சால்வையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மேடு அடுத்த வாரமே வந்துவிட்டது. அரசாங்க மேடு, மஞ்சள் கறுப்புப் பட்டையோடு. ஜெனரல் வரவில்லை, தந்தி அனுப்பினார். ஓரத்தில் ஒரு பளிங்குக் கல்லை நட்டு நாலு பெயர்களையும் பொறித்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்த மெத்வல்லியும் இன்ஸாஃபும் ரஸ்மிய்யாவும் அதன் முன் நின்றார்கள். ஹனாதி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மூன்றாவது வரி நவாரா, வயது ஒன்பது. நாலாவது வரி: பெயர் தெரியவில்லை, ஆண், வயது இரண்டு, கறுப்பு நிறம்.

"கன்னா?" என்றாள் ரஸ்மிய்யா.

"கன்னுதான்" என்றாள் இன்ஸாஃப். "மூணு உசுரு கேட்டும் அவனுங்க காதுல விழல. ஒரு கன்னு கேட்டதும் விழுந்துடுச்சு."

கெய்ரோ பக்கமிருந்து ஒரு லாரி பறந்து வந்து, மேட்டைக் கண்டு கிறீச்சிட்டு, மெதுவாக ஏறி இறங்கிற்று. ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கட்டியவன் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனான். பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். ரஸ்மிய்யா கல்லின் அருகே குந்தி, தலைத்துணியின் நுனியால் தூசியைத் துடைத்தாள். முதலில் மகளின் பெயரைத் துடைத்தாள். பிறகு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாலாவது வரியையும் துடைத்தாள்.